ஃப்ளெட்சர் நம்பாத வழிகாட்டிகள்

சென்ற வாரம் உங்களைச் சேப்பாக்கம் அரண்மனை வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். 1801 ஜூலை. உள்ளே நவாப் உம்தத்துல் உமரா சாகக் கிடக்கிறார், வெளியே கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கர்நாடக ராஜ்யம் கைமாறிய ஜூலை 31 ஒப்பந்தத்தை இந்த வாரம் சொல்வதாகத்தான் வாக்கு. நடுவில் வடக்குப்பட்டிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் இளைஞர். 2022இல் தொல்லியல் துறை தோண்டிக் கற்கருவிகளும் ரோமானிய ஜாடி ஓடுகளும் எடுத்த ஊர் அது. “மண்ணுக்குக் கீழே கிடைத்ததை எல்லாரும் எழுதிவிட்டார்கள். உங்கள் நவாப் கதையில் எங்கள் ஊருக்கு இடமே இல்லையா?” என்று கேட்கிறார்.

இல்லாமல் என்ன! வடக்குப்பட்டு அன்று செங்கல்பட்டு ஜாகீர் மண். திருச்சி முற்றுகையிலிருந்து பட்ட கடனுக்கும் நன்றிக்குமாக உம்தத்துல் உமராவின் அப்பா நவாப் முகமது அலி வாலாஜா 1763இல் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த சீமை. கொடுத்த கையோடு அதைக் கம்பெனியிடமே குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். 1780 வரை அப்படியே ஓடியது. சொந்த நிலத்துக்கே குத்தகைதாரரான அரசர் இவரைத் தவிர வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கம்பெனியோ சும்மா இருக்கவில்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பி, ஏறக்குறைய 2,000 கிராமங்களை வீடு, தொழில், ஏரி, நஞ்சை, புஞ்சை என்று கணக்கெடுக்க வைத்தது. நில அளவை என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் நண்பர் காட்டும் கணக்கு மெய்யா பொய்யா என்று நண்பரைக் கேட்காமலே சரிபார்க்கும் வசதி அன்றைக்கே கம்பெனியின் பெட்டிக்குள் வந்துவிட்டது.

வாலாஜாவும் லேசுப்பட்டவர் அல்ல. சேப்பாக்கத்தில், கோட்டைப் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு, கம்பெனியின் தலைக்கு மேல் ஏறி லண்டனுக்கே ஆள் அனுப்பினார். அப்படி அவருடைய அந்தரங்கத் தூதராகப் போன ஜான் மேக்ஃபர்சன், பின்னாளில் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் நாற்காலியிலேயே (1785–86) உட்கார்ந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1770இல் இங்கிலாந்து மன்னரின் பிரதிநிதியாகச் சர் ஜான் லிண்ட்சே சென்னையில் வந்து இறங்கியபோது, அவர் கையிலிருந்த அதிகாரப் பத்திரத்தைப் பார்த்துக் கோட்டைக் கவுன்சில் விழித்தது. கூட்டாளியைக் கூட்டாளியே வேவு பார்ப்பது அன்றும் இருந்தது. ஜெர்மனியின் அன்றைய சான்சலர் மெர்கலின் தொலைபேசியை அமெரிக்கா ஒட்டுக்கேட்டதாக 2013இல் ஸ்னோடன் விவகாரத்தில் வெளிவந்தபோது உலகம் அதிர்ந்ததே, எனக்கு அதிர்ச்சி வரவில்லை. நான் அப்போது வாலாஜாவைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நவாபுடன் கம்பெனி செய்த 1792 உடன்படிக்கை, கம்பெனி சம்மதமில்லாமல் நவாப் வேறு எந்த அரசுக்கும் கடிதப் போக்குவரத்து வைக்கக்கூடாது என்றது. இந்த ஷரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஷரத்துக்கு முன்பே சந்தேகம் வேர்விட்டிருந்தது. அது எங்கே என்று சொல்ல 1780க்குப் போகவேண்டும். எனக்கும் அங்கே போக ஆசை.

அந்த ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி ஏறக்குறைய 80,000 பேருடன் கணவாய் இறங்கினார். ஜாகீர்க் கிராமங்கள் எரிந்தன. பரங்கிமலையிலிருந்து கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்ரோ ஐயாயிரத்துச் சொச்சம் பேருடன் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். குண்டூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு கம்பெனித் தளபதி பெய்லி 2,800 பேரோடு வந்து அவருடன் சேரவேண்டும். பெய்லியைக் கொசஸ்தலையாற்று வெள்ளம் நிறுத்தியது. மன்ரோவைப் பசி நிறுத்தியது. படைக்கு அரிசி தருவதாக நவாப் வாக்குக் கொடுத்திருந்தார், கூடவே தன் அதிகாரி ஒருவரையும் அனுப்பியிருந்தார். அரிசி எங்கே என்று மன்ரோ கேட்டதற்கு அந்த அதிகாரி, தனக்குக் கூட இருக்க மட்டுமே உத்தரவு, அரிசி கொடுக்க உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டார். நெல்லை மன்ரோ தானே ஊர் ஊராகத் திரட்ட வேண்டியதாயிற்று. கூட இருந்தவர் எதைப் பார்க்கக் கூட இருந்தார் என்று கம்பெனி அதிகாரிகள் நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

இங்கேதான் என் ஆள் வருகிறார். கர்னல் ஃப்ளெட்சர். செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு பெய்லியை மறித்துத் தாக்கிய பின், 8ஆம் தேதி இரவு சுமார் 1,000 பேரோடு மன்ரோ அனுப்பிய உதவிப் படைக்கு இவர்தான் தலைவர். ஹைதர் ஒற்றருக்குப் பணம் கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்க்காதவர். மன்ரோ முகாமில் எத்தனை பேர், எந்த வழி, எப்போது புறப்பாடு என்பதெல்லாம் அவருடைய ஹர்க்காரா ஒற்றர்கள் வழியாக உடனுக்குடன் போய்க்கொண்டிருந்தது. ஃப்ளெட்சரை மறிக்க ஹைதரின் ஆட்கள் வழியில் காத்திருந்தார்கள். ஃப்ளெட்சர் வரவில்லை. கொஞ்ச தூரம் போனதுமே தன் வழிகாட்டிகள் ஹைதரிடம் காசு வாங்கியவர்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவர்கள் காட்டிய பாதையை விட்டார். இருட்டில் வயலும் வரப்புமாகச் சுற்றிக்கொண்டு 9ஆம் தேதி காலை பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார். ஹைதர் கொதித்துப்போனார் என்கிறார்கள்.

அந்த வழிகாட்டிகள் உண்மையிலேயே விலைபோனவர்களா? எனக்கு அவர்கள்மேல் ஒரு பரிதாபம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிகாரம் மாறும் நாட்டில், எந்தப் பக்கம் போகிறவனுக்கு வழி சொன்னாலும் அடுத்தவனுக்கு நீ ஒற்றன். ஜாகீர்க் கிராமத்துக் கணக்கன் கதியும் அதுதான்.

ஃப்ளெட்சர் தப்பியதற்குப் பலன் ஒரே ஒரு நாள். 9ஆம் தேதி மாலை புறப்பட்ட பெய்லி நடு வழியில் இரவு தங்கினார். ஏன் தங்கினார் என்று இன்றுவரை ராணுவ வரலாற்றாசிரியர்கள் அடித்துக்கொள்கிறார்கள். என் கட்சி, அது மடத்தனம். காஞ்சியில் மன்ரோவுக்கு எதிரே இருந்த ஹைதர் இரவோடு இரவாகப் படையை நகர்த்தினார். மன்ரோவுக்கு அது தெரியவே இல்லை. விடிந்தால் 10ஆம் தேதி. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு பேசும் அதே புள்ளலூர். கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. 86 அதிகாரிகளில் 36 பேர் மாண்டனர், மீதி 50 பேர் கைதிகள். ஃப்ளெட்சர் களத்திலேயே விழுந்தார். பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் செத்தார். வெற்றியைத் திப்பு அதே ஊர் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டவைத்தார். போனால் பாருங்கள், பல்லக்குக்குள் சுருண்டு உட்கார்ந்திருப்பவர் பெய்லி. மன்ரோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்கு ஓடினார். வடக்குப்பட்டுக்காரரே, அந்த ஓட்டம் நடந்த பாதை உங்கள் ஊருக்குக் கிழக்கே அரைப்பொழுது நடைதான்.

இந்தத் தோல்விக்குத் தன் தளபதிகளைவிட நவாபைச் சந்தேகிப்பது கம்பெனிக்குச் சுலபமாக இருந்தது. பத்தொன்பது ஆண்டு கழித்து, 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்பு அரண்மனையில் ஒரு கடிதக் கட்டு அகப்பட்டது. திப்புவின் இரண்டு பிள்ளைகள் பணயமாகச் சென்னையில் இருந்த 1792–94இல், அவர்களோடு வந்திருந்த வக்கீல்கள், அதாவது தூதர்கள், குலாம் அலி கானும் அலி ரஜா கானும் நவாபின் பேச்சைத் தங்கள் எஜமானுக்கு எழுதிய கடிதங்கள். கூடவே ஒரு சங்கேதப் பட்டியல். ஆங்கிலேயருக்குப் பெயர் ‘புதிதாய் வந்தவர்’. நிஜாமுக்கு ‘ஒன்றுமில்லை’. மராட்டியருக்கு ‘வெற்று’. நிஜாமும் மராட்டியரும் அன்று கம்பெனியின் கூட்டாளிகள்.

பாரசீகக் கடிதங்களை எட்மன்ஸ்டன் மொழிபெயர்த்தார். கம்பெனியின் ஜோசையா வெப்பும் கர்னல் குளோஸும் சாட்சிகளை விசாரித்தார்கள். வக்கீல்கள் இருவரும், உபசார வார்த்தைக்கு மேல் நவாப் எதுவும் சொல்லவில்லை என்றே சொன்னார்கள். ஆதாரம் போதாது என்பதை, பின்னாளில் கம்பெனி உத்தியோகஸ்தரான ஜேம்ஸ் மில்லே தன் வரலாற்றில் எழுதிவிட்டார். என் தீர்ப்பும் அதுதான். வாலாஜா வாய் நீண்டவர், கடன்காரர், இரண்டு தோணியில் கால் வைக்கப் பார்த்தவர். ராஜதுரோகி என்று சொல்ல அந்தக் கட்டில் ஒன்றுமில்லை. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவுக்கு 1792 ஷரத்தை மீறியதாகச் சொல்ல ஒரு காகிதம் வேண்டியிருந்தது, கிடைத்தது. ஈராண்டு அதைக் கைக்குள் வைத்திருந்து, வாலாஜாவுக்குப் பின் நவாபான உம்தத்துல் உமரா படுக்கையில் விழுந்ததும் வெளியே எடுத்தார்.

1801 ஜூலை 15 அன்று உம்தத்துல் உமரா கண்ணை மூடினார். அதற்கு முன்பே, பொக்கிஷம் வெளியே போய்விடக்கூடாது என்ற காரணம் சொல்லி, கூட்டாளியின் வாசலைக் கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது. மகன் அலி ஹுசைனைக் கூப்பிட்டு நிபந்தனைகளைப் படித்துக் காட்டினார்கள். அவர் முடியாது என்றார். சரி என்று சொல்ல இன்னொரு உறவினரைத் தேடிப் பிடித்த கதையும், ஜூலை 31 கையெழுத்தும், அதற்கு அவர் பெற்ற விலையும் அடுத்த இதழில்.

(தொடரும்)