பியானோவைத் தொடாதே!

எண்பதுகளில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில், டெலிபோன் போர்டில் ஒரு நண்பர் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வயலின் நன்றாக வாசிப்பார். ஓர் ஆண்டு விழாவின்போது மேடைக்குப் பின்னால் சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தந்திகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிக்கொண்டிருந்தது. மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று, "குடுங்க சார், நான் பிரடையைத் திருகறேன், சரியா வந்ததும் சொல்லுங்க" என்று வயலினை வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்கு; பிடுங்கினேன். இரண்டே திருகு. 'டங்' என்று மேல் தந்தி அறுந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. பெட்டி மூலையில் சுருட்டி வைத்திருந்த புதுத் தந்தியை எடுத்தார், விரலாலேயே துளையைத் தேடி மாட்டினார், ஐந்து நிமிடத்தில் சேர்த்தும் விட்டார். "இதுக்குக் கண்ணு எதுக்கு சார்?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சமீபத்தில் பியானோவின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, அதே கேள்வியை 200 வருடங்களுக்கு முன்பு பாரிஸில் ஒரு பையன் தன் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தது.

அந்தப் பள்ளிக்கூடம் பிறந்த கதையிலேயே ஒரு தந்தி வாத்தியம் உண்டு. 1771-இல் பாரிஸில் ஒரு சந்தை. அங்கே ஒரு கடையில் பார்வையற்றவர்கள் சிலரை மேடையில் ஏற்றி, கையில் வயலினைக் கொடுத்து, கண்ணாடியே இல்லாத பெரிய அட்டை மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு, முன்னால் இசைப் புத்தகத்தையும் விரித்து வைத்திருந்தார்கள். அவர்கள் அபஸ்வரமாக இழுக்க இழுக்கக் கூட்டம் சிரித்தது. அதைப் பார்த்து மனம் கொதித்தவர் வாலென்டின் ஹாய். 1785-இல் பார்வையற்ற குழந்தைகளுக்கு அவர் தொடங்கிய பள்ளிதான் உலகில் அந்த வகையில் முதலாவது என்பார்கள். லூயி பிரெயில் படித்ததும் அங்கேதான்.

பிரெயிலுக்குச் சில வருடங்கள் முன்னதாக அங்கே வந்து சேர்ந்தவர் க்ளோத் மோந்தால். 1800-இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. பள்ளியில் பியானோ இருந்தது, பாடமும் உண்டு. சுருதி சேர்க்க மட்டும் வெளியிலிருந்து கண்ணுள்ள ஒருவர் வருவார். அவர் வேலை மோந்தாலுக்குத் திருப்தியாக இல்லை. சக மாணவன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு தானே திருத்த ஆரம்பித்தார். வந்தவர் நிர்வாகத்திடம் புகார் செய்தார். இனிமேல் பியானோவுக்குள் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு ஆயிற்று. வாசிக்கலாம், திறக்கக்கூடாது.

இந்தத் தடை எவ்வளவு அசட்டுத்தனமானது என்பது, அந்த வேலை என்ன என்று தெரிந்தால்தான் புரியும். பியானோவில் ஒரு கட்டைக்கு ஒரு தந்தி என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. மேல் ஸ்தாயியில் ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று தந்திகள். கீழே போகப் போக இரண்டு, பிறகு ஒன்று. இன்றைய 88 கட்டைப் பியானோவில் மொத்தம் 220, 230 தந்திகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்பு முளை. மூன்றில் இரண்டை ஓர் ஆப்பு செருகி அமுக்கிவிட்டு, ஒன்றைச் சரிசெய்து, மற்ற இரண்டையும் அதோடு சேர்க்க வேண்டும். முளைகள் வரிசையாக இருப்பதால் விரலால் எண்ணிப் பிடித்துவிடலாம்.

மிச்சமெல்லாம் காதுக்கு. பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்கு 'விம்மல்' ஞாபகம் இருக்கும். ஒரு தந்தி விநாடிக்கு 440 முறை, பக்கத்துத் தந்தி 442 முறை அதிர்ந்தால், ஒலி விநாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். அந்த 'வவ்-வவ்' மெதுவாகி மெதுவாகி நின்றால் இரண்டும் சேர்ந்தாயிற்று. தம்புரா மீட்டுகிறவர்கள் இதைக் கணக்குப் போடாமலே செய்கிறார்கள்.

ஆனால் பியானோவில் ஒரு சிக்கல். நமக்கு ஒரு கச்சேரிக்கு ஒரு சுருதி போதும். ச-ப சுத்தமாகச் சேர்ந்தால் நிம்மதி. பியானோவிலோ எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்தாலும் வாசிக்க வர வேண்டும். ச-விலிருந்து ப, அந்தப் ப-வையே ச-வாக வைத்து அதன் ப என்று பன்னிரண்டு தடவை ஏறினால், ஏழு ஸ்தாயி மேலே உள்ள ச-வுக்கே வந்து சேர வேண்டும். வராது. அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய கால் பங்கு தாண்டிப்போய் நிற்கும். இது யார் தப்பும் இல்லை, எண்களின் குணம். அதனால் ஒவ்வொரு பஞ்சமத்தையும் வேண்டுமென்றே ஒரு துளி குறைத்து வைக்க வேண்டும். இன்றைய அளவில் 220 அதிர்வுள்ள தந்திக்குச் சுத்தமான பஞ்சமம் 330. பியானோவில் வைப்பது 329.6. அதாவது நான்கு விநாடிக்கு மூன்று விம்மல். சேர்ந்துவிடவும் கூடாது, விலகிவிடவும் கூடாது. இந்த அளவைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? கண்ணுள்ளவர்களே இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

தடை வந்ததும் மோந்தாலும் நண்பரும் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒரு பழைய பியானோவை விலைக்கு வாங்கினார்கள். அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார்கள். சுத்தியல், நெம்பு, தந்தி எல்லாவற்றையும் தடவித் தடவித் தெரிந்துகொண்டு பழுது பார்த்துத் திரும்பப் பூட்டினார்கள். பூட்டிய பியானோ வாசித்தது. நிர்வாகம் மனம் மாறி, பள்ளியின் பியானோக்களை அவர்களிடமே ஒப்படைத்தது.

1830-இல் பள்ளியை விட்டு வெளியே வந்ததும் கதை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். விலையுயர்ந்த பியானோவை ஒரு குருடனை நம்பித் திறந்துவிட யாருக்கு மனசு வரும்? ஒரு சங்கீதப் பேராசிரியர் அவரைச் சோதித்துப் பார்த்தார். அவரிடம் வெவ்வேறு வகையான இரண்டு பியானோக்கள் இருந்தன; இரண்டையும் ஒன்றோடொன்று இணங்கச் செய்ய எவராலும் முடியவில்லை. மோந்தால் செய்தார். அதன்பின் அந்தப் பேராசிரியரே சொல்லிச் சொல்லி அனுப்ப, வாடிக்கை பெருகியது.

நம் ஊரில் "ஆண்டவன் கண்ணை எடுத்துக்கிட்டு காதைக் கொடுத்திருக்கான்" என்போம். நானும் என் நண்பரிடம் அதைப் பாராட்டாகவே சொல்லியிருக்கிறேன். மோந்தாலுக்கும் அந்தப் பாராட்டு கிடைத்திருக்கும். ஆனால் 1836-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே 'உங்கள் பியானோவுக்கு நீங்களே சுருதி சேர்க்கும் கலை' என்ற பொருளில்தான் இருக்கிறது. வரம், வித்தை என்ற பேச்சுக்கே இடமில்லை. கற்றுக்கொண்டால் வரும், உங்களுக்கும் வரும் என்று கண்ணுள்ளவர்களுக்குப் பாடம் எழுதியிருக்கிறார். பிற்பாடு சொந்தமாகப் பியானோ தயாரித்தார். 1851-இல் பிரெஞ்சு அரசின் லெஜியன் ஆஃப் ஹானர் விருது கிடைத்தது. 1865-இல் காலமானார்.

பாரிஸ் பள்ளியில் இது ஒரு தொழிலாகவே நிலைத்து, அங்கிருந்து பரவியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பள்ளிகளின் 132 பியானோக்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம் 1877-இல் அங்குள்ள பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்குக் கிடைத்தது. லண்டனில் 1872-இல் பார்வையற்றோருக்கான கல்லூரியைத் தொடங்கிய கேம்ப்பெல், ஆர்மிடேஜ் இருவருமே பார்வையிழந்தவர்கள்; அங்கேயும் இது முக்கியப் பாடம். ஒரு குறையும் சொல்ல வேண்டும். திறந்த கதவே பிறகு கூண்டும் ஆயிற்று. பார்வையற்ற பையனா, பியானோ வேலைக்கு அனுப்பு என்றார்கள் அங்கே. நம் ஊரில் நாற்காலி பின்னு, இல்லாவிட்டால் டெலிபோன் போர்டு. எம்.ஏ. படித்திருந்த என் நண்பர் ஓய்வு பெறும்வரை அந்த போர்டை விட்டு நகரவில்லை. அவரை வேறு இருக்கைக்கு மாற்றலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

போன வாரம் அவருக்குப் போன் செய்து மோந்தால் கதையைச் சொன்னேன். நடுவில் பேசாமல் கேட்டார். பழைய பியானோவைக் கழற்றிய இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு நான் அறுத்த மேல் தந்தியைப் பற்றி ஒருவழியாக மன்னிப்புக் கேட்டேன்.

"மேல் தந்தி இல்ல சார், ரெண்டாவது தந்தி" என்றார். "காசும் நீங்க இன்னும் குடுக்கல."