கள்ளா, பதனீரா? ஈஸ்ட் எடுக்கிற முடிவு

எங்க தூத்துக்குடி மாவட்டத்துல, உடன்குடிப் பக்கம் பனையேறிங்க கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில கட்டுவாங்க. தடவினா பதனீர், தடவலைன்னா கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. ஆக, சட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதை ஒரு பூச்சுச் சுண்ணாம்பு தீர்மானிக்குது. அந்தக் காரத்தில் ஈஸ்ட் பெருகாது.

சரி, பெருகலாமா வேண்டாமான்னு ஈஸ்ட் செல் எப்படி முடிவெடுக்குது? 1970களில் சியாட்டிலில் லீலண்ட் ஹார்ட்வெல் அந்த இடத்தை அடையாளம் கண்டு, 'ஸ்டார்ட்'னு பேர் வெச்சார். அதைத் தாண்டின செல், அந்தச் சுற்றை முடிச்சுத்தான் ஆகணும். 2001இல் டிம் ஹன்ட், பால் நர்ஸோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

ஸ்விட்ச் எங்கேன்னு அடுத்து வந்தவங்க தேடினாங்க. ஸ்வி4, ஸ்வி6ன்னு இரண்டு புரதங்கள் ஜோடியா டிஎன்ஏ மேல உட்கார்ந்து, பிரியத் தேவையான ஜீன்களை இயக்குது. ஆனா அந்த ஜோடியை வை5ங்கிற புரதம் அமுக்கி வெச்சிருக்கு. இது 2004இல் தெரிஞ்சது. உணவு கிடைச்சு செல் போதுமான அளவு வளர்ந்தா, சிஎல்என்3 அந்தப் பூட்டைத் தளர்த்தும். உடனே சிஎல்என்1, சிஎல்என்2 உருவாகி, மிச்ச வை5ஐயும் வெளியேத்தும். நான் கோட் எழுதுற ஆளு. எனக்கு இது ரோல்பேக் இல்லாத கமிட்.

நம்ம உடம்புல இந்தப் பூட்டு வேலையை ஆர்பி புரதம் செய்யுது. அது பழுதானா, குழந்தைகளுக்கு விழித்திரைப் புற்றுநோய்கூட வருது. கலயத்து ஈஸ்ட்டை இவ்வளவு பேர் உட்கார்ந்து படிச்சதுக்கு அதுதான் அர்த்தம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.