மூழ்குபவர் கூப்பிட மாட்டார்

நீச்சல் குளத்தின் ஓரம் உயரமான நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்திருப்பாரே உயிர்காப்பாளர், அவருக்கு நன்றாக நீந்தத் தெரிந்தால் போதுமா?

ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1914-ல் வில்பர்ட் லாங்ஃபெலோ அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தில் உயிர்காப்புப் படையைத் தொடங்கினார். மூழ்குபவரிடம் நீந்திப் போவது, அவர் இறுக்கிப் பிடித்தால் விடுபடுவது, கரைக்கு இழுத்து வருவது ஆகியவையே முக்கியப் பாடங்கள். ஆபத்தில் இருப்பவர் கையசைத்துக் கூப்பிடுவார் என்பது எல்லோருடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஃபிராங்க் பியா. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த அவர், மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். 1974-ல் கட்டுரையும் எழுதினார். நீந்தத் தெரியாதவருக்கு மூச்சு விடவே வாய் போதாது, குரல் எப்படி வரும்? கைகள் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். அசைத்துக் கூப்பிட முடியாது. 20 முதல் 60 நொடிகளில் தலை உள்ளே போய்விடும்.

அதனால்தான் இன்றைய சான்றிதழ் பயிற்சியில் நீச்சல் தேர்வோடு கண்காணிப்பும் முக்கியப் பாடம். எல்லிஸ் நிறுவனத்தின் 10/20 விதிப்படி, ஆபத்தை 10 நொடிகளில் கண்டுபிடித்து அடுத்த 20 நொடிகளில் அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

பிள்ளை சத்தம் போடவில்லையே என்று கரையில் நிம்மதியாக இருக்கும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.