ஒரு கிலோ பிளாஸ்டிக்கில் எத்தனை கிராம் கரி?

பாலித்தீன் பையின் எடையில் ஏறத்தாழ 86 விழுக்காடு கரிமம். குடிநீர் பாட்டிலுக்கான பெட் பிளாஸ்டிக்கில் 62.5 விழுக்காடுதான். இரண்டையும் காற்றுப் புகாத உலையில் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், கரிமம் மிகுந்த பை கிட்டத்தட்ட எதையும் மிச்சம் வைப்பதில்லை. பாட்டிலோ தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் குறைவான கரியைத் தந்துவிடுகிறது. பிளாஸ்டிக் கழிவிலிருந்து நுண்துளைக் கரி எடுக்கும் ஆய்வுகளை மதிப்பிட இந்த முரணே சரியான தொடக்கம்.

பாலித்தீனின் நீண்ட சங்கிலி சூட்டில் அறுந்து மெழுகாகவும் எண்ணெயாகவும் வாயுவாகவும் வெளியேறுகிறது. பெட்டில் உள்ள பென்சீன் வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஆவியாக முடியாமல் தங்கிவிடுகின்றன. டி.என்.ஏ. ஆய்வால் பெயர்பெற்ற ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951இல் வெளியிட்ட கட்டுரை, மூலப்பொருளின் ஆதிக்கம் கரியிலும் தொடர்வதைக் காட்டியது. பாலிவினைல் குளோரைடின் கரி உயர்வெப்பத்தில் கிராஃபைட்டாகிறது. அதன் நெருங்கிய உறவான பாலிவினைலிடீன் குளோரைடின் கரியோ குறுக்குப் பிணைப்புகளால் இறுகி, 3000 டிகிரியிலும் கிராஃபைட்டாக மாறுவதில்லை; நுண்துளைகள் மிகுந்தது அதுதான்.

பெட் கரியில் துளைகளைப் பெருக்கத் தனி வேலை உண்டு. கரியின் எடையைப்போல் பல மடங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 700 முதல் 900 டிகிரியில் சுடுகிறார்கள். காரம் கரிமத்தை அரித்துக் கார்பனேட்டாகிறது; விடுபடும் பொட்டாசியம் கரிம அடுக்குகளுக்குள் புகுந்து அவற்றை விலக்குகிறது. இப்படி ஒரு கிராமின் உட்பரப்பு 2000 சதுர மீட்டரைத் தாண்டலாம். ஆய்விதழ்கள் முன்னிறுத்துவது இந்த எண்ணைத்தான். ஆனால் அரிபட்ட கரிமம் திரும்பாது. ஒரு கிலோ பெட்டிலிருந்து 200 கிராம் கரி வந்து, அதில் பாதி அரிபட்டால் மிஞ்சுவது 100 கிராம். எஞ்சிய காரத்தைக் கழுவும் நீரும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். பரப்பளவை மட்டும் சொல்லி, விளைச்சலைச் சொல்லாத ஆய்வு பாதிக் கணக்கையே தருகிறது.

பாலித்தீனுக்கும் வழி இல்லாமலில்லை. கந்தக அமிலத்தால் சங்கிலிகளைப் பிணைத்துவிட்டுச் சுட்டால் கரி தங்கும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2022இல் கழிவு பிளாஸ்டிக்கைப் பொட்டாசியம் அசிட்டேட்டோடு சுட்டு, கரியமில வாயுவைப் பிடிக்கும் நுண்துளைக் கரி பெற்றது.

சந்தையில் இக்கரி மோத வேண்டியது தேங்காய்ச் சிரட்டையோடு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிரட்டைக் கரியில் நீராவியாலேயே துளைகளைப் பெருக்குகிறார்கள், காரம் தேவையில்லை. பெட் கரிக்கு உள்ள உண்மையான பலம் சாம்பல் மிகக் குறைவு என்பது. மின்தேக்கிகளுக்கும் வாயுச் சேமிப்புக்கும் அந்தத் தூய்மை தேவை.

அதற்காகச் சுத்தமான பாட்டில்களை உலையில் போடுவது வீண். அவற்றை உருக்கிப் பாலியெஸ்டர் இழையாக்கலாம். உலைக்கு உரியவை மறுசுழற்சிக்கு ஒவ்வாத மிச்சங்கள். பாலிவினைல் குளோரைடு கலந்தால் வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு உலையை அரிக்கும் என்பதால் அதை முதலிலேயே பிரித்தாக வேண்டும். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த பழந்துணிக்குத்தான் இந்த வழி நன்றாகப் பொருந்தும். இழைகளைப் பிரிப்பது கடினம் என்பதால் மறுசுழற்சியில் தள்ளுபடியாகும் துணி அது. உலையிலோ பருத்தியும் கரியாகும், பாலியெஸ்டரும் கரியாகும்.