கம்பரும் நம் ஊர் அண்ணாவும்

பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம், எதை நீக்கலாம் என்ற சர்ச்சை நம் காஞ்சிக்குப் புதிதல்ல. 1909-இல் இங்கே பிறந்த அண்ணா, 1943-இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று வாதாடினார். சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரும் மேடையேறி மறுத்தார்கள். அந்த வாதம் 'தீ பரவட்டும்' என்ற நூலாயிற்று.

பின்பு அண்ணாவின் 'ஆரிய மாயை' மீதே வழக்கு வந்து, 1950-இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1968-இல் அவர் முதல்வராக இருந்தபோது, உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கம்பருக்கும் சிலை எழுந்தது.

கொளுத்தச் சொன்ன நூலும் நிலைத்தது. வழக்குக்குள்ளான நூலும் நிலைத்தது. பேரப்பிள்ளைகளுக்கு இரண்டையும் வாங்கிக் கொடுங்கள். பற்று, வரவு இரண்டு பக்கமும் பார்த்தால்தானே கணக்கு நேராகும்!