நரம்பு மீள்வளர்ச்சியில் பொருட்போக்கு

நரம்பணுவின் உடலிலிருந்து புறப்படும் ஆக்சான் என்னும் இழை, மனிதரில் முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம்வரை ஏறக்குறைய 1 மீட்டர் தூரம் ஓடுவதாயினும், தனக்கு வேண்டிய புரதங்களில் மிகப் பெரும்பகுதியைத் தானே ஆக்கிக்கொள்ளும் சக்தியற்றது. அவை உட்கரு உறையும் அணுவுடலில் உற்பத்தியாகி, இழையின் உள்வழியே நுனிவரை பிரயாணம் செய்ய வேண்டும். காயமுற்ற நரம்பு எவ்வளவு வேகத்தில் வளர முடியும் என்பதை இந்தப் போக்குவரத்தே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது.

தவளையின் நாக்கிற்குச் செல்லும் நரம்புகளை அறுத்து ஆராய்ந்த அகஸ்டஸ் வாலர், அணுவுடலிலிருந்து பிரிந்த பகுதி சிதைந்தழிவதை 1850இல் வெளியிட்டார். அழிந்த இழை இருந்த தடத்தில், அதைச் சூழ்ந்திருந்த ஷ்வான் அணுக்கள் வரிசையாக நின்று வழியமைக்க, எஞ்சிய அடித்தண்டின் நுனியில் வளர்கூம்பு தோன்றி அவ்வழியே முன்னேறுகிறது. இக்கூம்பை 1890இல் முதன்முதலாக வர்ணித்தவர் ஸ்பெயின் தேசத்து ராமோன் இ காகால்.

அக்கூம்பிற்குப் பொருள் வந்துசேரும் விதத்தை விளக்கத் துணிந்தவர்களில், சிகாகோவின் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும் விசேஷ மரியாதைக்குரியவர்கள். நரம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியபோது, மடை அடைத்த வாய்க்காலில் நீர் தேங்குவதுபோல, அணுவுடலை நோக்கிய பக்கத்தில் இழைகள் பருத்ததையும், கட்டை அவிழ்த்ததும் தேங்கிய பொருள் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் நகர்ந்ததையும் அவர்கள் 1948இல் எழுதினார்கள். இழையினுள் இருப்பதெல்லாம் ஒரே திரளாக நகர்கிறது என்ற அவர்களுடைய அபிப்பிராயம் பின்னர் நிலைக்கவில்லையாயினும், ஆரோக்கியமான நரம்பும் இடையறாது போஷிக்கப்படுகிறது என்று காட்டிய பெருமை அந்த எளிய பரிசோதனைக்கு உரியது.

கதிரியக்கப் பொருள்களால் புரதங்களை அடையாளமிட்டுத் தொடர்ந்த பிற்கால ஆய்வுகள், இப்போக்கில் பல வேகங்கள் உண்டென நிரூபித்தன. சவ்வை நிர்மாணிக்கும் நுண்பைகள் நாளொன்றுக்குச் சுமார் 400 மி.மீ. விரைகின்றன, ஆக்டின் முதலிய புரதங்கள் 2 முதல் 8 மி.மீ. வரையும், உட்சட்டகமாகிய நரம்பிழைப் புரதங்கள் 1 மி.மீ. அல்லது அதனினும் குறைவாகவும் செல்கின்றன. மெதுவாகச் செல்பவையுங்கூட உண்மையில் சிறிது தூரம் விரைந்தோடி, நெடுநேரம் நின்று, மீண்டும் ஓடுபவையே. இழையினுள் நீளவாட்டில் கிடக்கும் நுண்குழல்களைப் பற்றிக்கொண்டு சுமையை நுனிக்கு இழுக்கும் கைனசின் என்ற புரதம், 1985இல் கணவாய் மீனின் பெரு ஆக்சானில் நடந்த ஆராய்ச்சியின் பயனாகப் புலப்பட்டது. அணுவுடலை நோக்கித் திரும்பும் சுமைகளை டைனீன் என்ற மற்றொரு புரதம் கொண்டுவருகிறது.

இத்திரும்பு பயணம் காயத்தின்போது தனி முக்கியத்துவம் பெறுகிறது. அறுபட்ட இடத்தில் கால்சியம் உட்புகுவதும், அங்கே கிளர்த்தப்பட்ட புரதங்கள் டைனீன் வழியாக வந்தடைவதும், நுனியிலிருந்து வழக்கமாக வரும் வளர்ச்சிக் காரணிகள் நின்றுபோவதும் சேர்ந்து, தூரத்திலுள்ள அணுவுடலுக்கு ஆபத்தை அறிவிக்கின்றன. உடனே அதன் உற்பத்தி மாறுகிறது: இழையின் பருமனைக் காக்கும் நரம்பிழைப் புரதங்கள் குறைய, ஆக்டினும் நுண்குழற் புரதமும் மிகுகின்றன; அடித்தண்டும் சிறிது மெலிகிறது. ஸ்கீனும் வில்லார்டும் 1981இல், வேகப் போக்கில் செல்லும் வளர்ச்சிப் புரதங்கள் சில, மீண்டு வளரக்கூடிய தேரையின் பார்வை நரம்பில் பன்மடங்கு பெருகுவதையும், வளராத முயலின் பார்வை நரம்பில் அவ்வாறு பெருகாமையையும் கண்டனர். பாலூட்டிகளில் மூளை, தண்டுவட நரம்புகள் ஏன் மீள்வதில்லை என்ற வேதனையான வினாவிற்கு, சுற்றுச்சூழலின் தடைகளை மட்டும் காரணமாக்க இயலாது என்பதை இதனால் உணரலாம்.

புற நரம்புகளின் வளர்ச்சி மனிதரில் பொதுவாக நாளொன்றுக்கு 1 முதல் 2 மி.மீ. ஆகும். விரைந்து செல்லும் சவ்வுப் பொருள் நுனியில் எத்தனை குவிந்தாலும், மெதுவாக வரும் ஆக்டினும் நுண்குழற் புரதமும் வந்துசேராமல் இழை நீள முடியாது. முன்பே ஒருமுறை காயமுற்று உற்பத்தியை மாற்றிக்கொண்ட நரம்பு, இரண்டாம் காயத்திற்குப் பின் விரைவாக வளர்வதை மக்குவாரியும் கிராஃப்ஸ்டைனும் 1973இல் காட்டினர்; அத்தகைய நரம்புகளில் ஆக்டினைச் சுமக்கும் மந்தப் போக்கும் வேகம் கூடியிருப்பது பின்னர் அறியப்பட்டது.