தேடுபொறிகளும் சிறு வணிகரும்

கடை வைப்பவருக்கு எக்காலத்திலும் இரண்டு கவலைகள் உண்டு. கடையைச் செம்மையாக அமைப்பது ஒன்று. அது இருக்குமிடம் பிறர்க்குத் தெரியும்படி செய்வது மற்றொன்று. முன்னதைத் தச்சரும் கொத்தரும் பார்த்துக்கொள்வர். பின்னது பிறர் கையில் இருக்கிறது. வெளி மாநிலங்களில் குடியேறிய நமக்கு இது நன்கு தெரியும். தில்லியிலோ மும்பையிலோ புதிதாக வந்திறங்கிய தமிழர், நம்மூர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கரோல்பாகிலும் மாதுங்காவிலும் கோயில் வாசலில் நின்று விசாரித்தறிந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அவர் தம் கைப்பேசியை விசாரிக்கிறார். கோயில் வாசலில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். கைப்பேசியில் விடை சொல்பவர் பெரும்பாலும் ஒருவரே. பத்துப் பேர் நின்ற இடத்தில் ஒருவர் வந்து அமர்ந்தது எவ்வாறு, அதனால் சிறு வணிகருக்கும் அவருக்கு இணையதளம் அமைத்துத் தந்து பிழைப்பவருக்கும் நேர்ந்தது யாது என்பதே இங்கு நாம் காணப்போகும் வரலாறு.

நம் நாட்டில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது அரசுக்குச் சொந்தமாயிருந்த விதேஷ் சஞ்சார் நிகம் அச்சேவையைத் தொடங்கிற்று. படங்களோடு கூடிய பக்கங்களைக் காண விரும்பிய தனிமனிதர் 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. அக்காலத்தில் அது பலருடைய பல மாதச் சம்பளம். அதற்குச் சில மாதங்கள் முன்பே, அவ்வாண்டு மார்ச்சில், மும்பையைச் சேர்ந்த ராஜேஷ் ஜெயின் 'இந்தியாவேர்ல்டு' என்ற தளத்தைத் தொடங்கியிருந்தார். தாய்நாட்டுச் செய்திக்கு ஏங்கிய கடல் கடந்த இந்தியர்களே அதன் முதல் வாசகர்கள். செய்தி, கிரிக்கெட், சமையல் என்று பல கிளைகள் பின்னர் அதிலிருந்து பிரிந்தன. 'கோஜ்' என்ற தேடுதளமும் அவற்றுள் ஒன்று; இந்தியில் அச்சொல்லுக்குத் தேடல் என்று பொருள். இந்திய நிறுவனங்களுக்கு இணையதளம் கட்டிக் கொடுக்கும் வேலையையும் அந்த ஸ்தாபனமே செய்தது. கட்டுபவரும் காட்டுபவரும் தொடக்கத்தில் ஒரே கூரையின்கீழ் இருந்தனர் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அந்நிலை வேறோர் உருவில் திரும்பி வரக் காண்போம்.

'தேடுபொறி' என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பே என் தொழிலாதலால் இவ்விடத்தில் சற்று நிற்பதைப் பொறுத்தருளுக. ஆங்கிலச் சொல் இயந்திரத்தை மட்டுமே குறிக்கிறது. தமிழிலோ பொறி என்றால் இயந்திரமும் ஆகும். எலியைப் பிடிப்பதும் ஆகும். சொல்லை ஆக்கியவர்கள் இரண்டாவது பொருளை எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் கடைக்காரர்களிடம் பேசிப் பார்த்தால் இரண்டு பொருளையும் அவர்கள் ஏற்றுக்கொள்வர் என்றே தோன்றுகிறது.

அமெரிக்காவில் 1994 முதலே தேடுதளங்கள் பல தோன்றலாயின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தொடங்கிய யாஹூ, நூலகத்தில் நூற்பட்டியல் ஆயத்தம் செய்வதுபோல், மனிதர்கள் படித்துப் பார்த்து இனம் பிரித்த பட்டியல். லைகோஸ், எக்ஸைட், இன்ஃபோசீக் முதலியவை இயந்திரத்தை ஏவிப் பக்கங்களைத் திரட்டின. 1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் ஆல்டாவிஸ்டாவை வெளியிட்டது. பக்கத்தில் உள்ள சொற்கள் அனைத்தையும் அது அட்டவணையில் ஏற்றியது. ஒன்றில் தென்படாத கடை மற்றொன்றில் தென்படும். ஆகவே எந்த ஒன்றின் கோபதாபமும் எவரையும் அழித்துவிடவில்லை.

1998 நவம்பரில் இணைய இணைப்பு வழங்கத் தனியார்க்கும் இசைவு கிடைத்தது. அவ்வாறு முதலில் வந்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே. இணைப்பின் விலை இறங்க இறங்க, நகரங்களின் மாடியறைகளில் ஒரு புதிய கைத்தொழில் பிறந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி, பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் பயின்ற இரண்டு இளைஞர் இருந்தால் போதும். ஐந்து பக்கம் கொண்ட தளம், முகப்பில் அசையும் ஒரு சித்திரம், அடியில் வந்துபோனவர் தொகையைக் காட்டும் ஓர் எண்ணி. இவற்றோடு, பல தேடுபொறிகளில் பதிவு செய்து தருவோம் என்ற வாக்குறுதியும் விளம்பரத்தில் தவறாமல் இருக்கும். பதிவு செய்வதென்பது ஒவ்வொரு தேடுதளத்துக்கும் சென்று படிவத்தை நிரப்புவதே. பக்கத்தின் மறைவான பகுதியில் சொற்களை அடுக்கி வைப்பதும் உண்டு. அக்காலத்துத் தேடுபொறிகள் சில அவற்றை அப்படியே நம்பின. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைக்கும் தந்திரமும் பெருகிற்று. மனிதக் கண்ணுக்கு அது தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும். எடைக்கல்லைத் தேய்க்கும் வணிகருக்கு இது புதிய பாடமன்று.

இணையத்துக்கு வெளியிலும் இதே தேவையை நிறைவேற்ற ஒருவர் முன்வந்தார். 1996-இல் மும்பையில் வி.எஸ்.எஸ். மணி தொடங்கிய 'ஜஸ்ட் டயல்' நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்டால், அருகில் உள்ள குழாய் ரிப்பேர்க்காரர் முதல் மருத்துவர் வரை விலாசம் சொல்வார்கள். ஊர்க் கடைகளைத் தேடித் தருவதற்குக் கம்ப்யூட்டர் இல்லாத இந்திய வீட்டில் தொலைபேசியே ஏற்ற கருவி என்பதை அவர் அறிந்திருந்தார். என் கருத்தில், இத்துறையில் நம் நாட்டின் இயல்பை உணர்ந்து செய்யப்பட்ட முயற்சி அதுவே.

தமிழில் தளம் அமைத்தவர்களின் இடர் தனிப்பட்டது. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தமையால், வாசகருக்குத் தமிழாகத் தெரிந்தது தேடுபொறிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. கண்ணுக்கு அழகிய கடை. பெயர்ப்பலகை மட்டும் எவராலும் படிக்க இயலாத லிபியில். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு 'டேம்', 'டேப்' என்ற நியமங்களை ஏற்றது. அயல்நாட்டுத் தமிழர் பலர் 'டிஸ்கி' முறையைக் கையாண்டனர். இறுதியில் உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடு நிலைபெற்றது. 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில், தேடுபொறிகள் எத்துணை போட்டியிட்டபோதிலும், தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை அப்போட்டியால் விளைந்த பயன் சிறிதே.

இதற்குள் போட்டியின் போக்கே மாறிவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் கூகுளை நிறுவினர். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை மட்டும் நம்பாமல், பிற பக்கங்கள் எத்தனை அதைச் சுட்டுகின்றன, சுட்டுபவை எத்தகையவை என்று அது கணக்கிட்டது. தற்புகழ்ச்சியைத் தள்ளி ஊரார் சொல்லைக் கேட்பது போன்ற முறை இது. வெள்ளை எழுத்துத் தந்திரம் இதன்முன் செல்லுபடியாகவில்லை. 2000 ஜூனில் யாஹூவே தன் தேடலுக்குக் கூகுளை அமர்த்திக்கொண்டது. தன் வாசலில் போட்டியாளரை உட்காரவைத்த யாஹூ, 2004-இல் சொந்தப் பொறிக்குத் திரும்பியபோது, மக்கள் கூகுளின் பெயரை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டிருந்தனர்.

இந்தியத் தேடுதளங்கள் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்கலாம். 'கோஜ்' உள்ளிட்ட இந்தியாவேர்ல்டு தளங்களைச் சத்யம் இன்ஃபோவே 1999 நவம்பரில் 499 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. அஜித் பாலகிருஷ்ணன் 1996-இல் தொடங்கிய ரெடிஃப் 2000-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையிலேயே இடம்பெற்றது. பணம் இல்லாமற் போகவில்லை. ரஷ்யாவில் யாண்டெக்ஸும் கொரியாவில் நேவரும் கூகுளுக்கு முன் தலைவணங்காமல் நின்றதற்கு முக்கியமான காரணம் மொழியே. அந்நாட்டு மக்கள் தம் மொழியில் தேடினர். அம்மொழியின் இலக்கணத்தை அறிந்த உள்ளூர்ப் பொறி மேலான விடை தந்தது. சீனாவின் பைடுவுக்கு அதனோடு அரசின் அரணும் சேர்ந்தது. நாம் ஆங்கிலத்தில் தேடினோம். ஆகவே நம் சந்தைக்கு வேலி எதுவும் இருக்கவில்லை. தமிழுக்கும் இந்திக்கும் நல்ல தேடுபொறி அமைக்கும் வேலையும் நாளடைவில் அயல்நாட்டு நிறுவனத்தின் கையிலேயே சேர்ந்தது.

இனி, வழிகாட்டி கூலி கேட்கத் தொடங்கிய கதை. தேடுவோர் இடும் சொல்லை ஏலத்தில் விட்டு, அதிக விலை கொடுப்பவரை முதலில் காட்டும் முறையை 1998-இல் 'கோடூ' என்ற அமெரிக்கத் தளம் கொண்டுவந்தது. கூகுள் 2000-இல் விளம்பரம் ஏற்கலாயிற்று. பின்னர் ஏல முறையையும் கைக்கொண்டது. இதன் வலி நம்மவரையும் எட்டிற்று. அமெரிக்காவில் பணியாற்றிய முருகவேல் ஜானகிராமன் 1997-இல் தமிழர்க்கென அமைத்த தளத்தின் வரன் பகுதியே பின்னர் பாரத்மேட்ரிமோனி என்ற பெரிய நிறுவனமாயிற்று. அந்தப் பெயரையோ தமிழ்மேட்ரிமோனி என்பதையோ தேடுபவருக்குப் போட்டியாளரின் விளம்பரம் தெரிகிறது என்று அந்நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகிற்று. தமிழ் என்பதும் திருமணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பொதுச் சொற்கள். அவற்றை இணைத்து ஒருவர் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள இயலுமா? 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், இவை விவரிக்கும் தன்மையுள்ள சொற்கள் என்று கண்டு, இடைக்காலத் தடை தர மறுத்தார்.

அந்நிறுவனம் ஓயவில்லை. 2012-இல் ஜெய்ப்பூரைச் சேர்ந்த கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் அதுவும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டன. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135 கோடியே 86 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விமானப் பயணம் தேடுவோர்க்குத் தன் சொந்தச் சேவையை எடுப்பான இடத்தில் வைத்தது முக்கியமான குற்றங்களுள் ஒன்று. விளம்பரச் சொற்களைப் பற்றிய குற்றச்சாட்டு நிலைநாட்டப்படவில்லை. கூகுளும் மேல்முறையீடு செய்தது. எனினும், வழிகாட்டுபவர் தாமே கடையும் வைத்தால் வழிகாட்டுதல் நேராக இருக்குமா என்ற கேள்வி அந்த ஆணையால் அரசுக் கோப்பில் ஏறிவிட்டது.

பெரிய நிறுவனம் நீதிமன்றம் செல்லும். சிறு கடைக்காரர் எங்கே செல்வார்? 2011 நவம்பரில் கூகுள், ஹோஸ்ட்கேட்டர் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, இந்தியச் சிறு தொழிலுக்கு முதல் ஓராண்டு இலவசமாக இணையதளமும் பெயரும் தரும் திட்டத்தை அறிவித்தது. மூன்றாண்டில் 5 லட்சம் தொழில்களை இணையத்தில் ஏற்றுவது இலக்கு. 2017 ஜனவரி 4 அன்று, மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்து 2015-இல் கூகுளின் தலைமைப் பொறுப்பை ஏற்ற சுந்தர் பிச்சை, தில்லியில் அதைவிட எளிய ஏற்பாடு ஒன்றை அறிவித்தார். கைப்பேசியிலிருந்தே, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும், கட்டணமின்றித் தளம் அமைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரைத் தொட்டறியாத தையற்காரரும் பேக்கரிக்காரரும் அரை மணியில் தம் பெயரை இணையத்தில் கண்டனர். இதை நன்மை அன்று என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் மாடியறை இளைஞரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வழிகாட்டுபவரே வீட்டையும் இலவசமாகக் கட்டித் தருகிறார் என்றால், கொத்தருக்குக் கூலி கொடுக்க எவர் வருவார்? தளம் அமைப்போர் பலர் தேடுபொறியில் முதலிடம் பெற்றுத் தரும் தொழிலுக்கு மாறினர். அங்கும் நிலையான தரையில்லை. 2011-இல் 'பாண்டா' என்றும் 2012-இல் 'பெங்குவின்' என்றும் விலங்கின் பெயரையும் பறவையின் பெயரையும் சூட்டிக் கூகுள் தன் கணக்கை மாற்றியபோது, முதல் நாள் முன்னணியில் இருந்த தளங்கள் மறுநாள் காணாமற் போயின. பொறிகள் பல இருந்த காலத்தில் இத்தகைய மாறுதல் ஒரு வாசலை மட்டுமே அடைத்திருக்கும்.

இலவச வீடுகளும் நிலைக்கவில்லை. 2024 மார்ச்சில் கூகுள் அத்தளங்கள் அனைத்தையும் நிறுத்திற்று. பழைய முகவரிக்கு வருவோர் ஜூன் 10 வரை கடையின் கூகுள் குறிப்புக்குத் திருப்பிவிடப்பட்டனர். அதன்பின் அந்த முகவரிகள் செயலற்றுப் போயின. ரசீதிலும் சுவர் விளம்பரத்திலும் அச்சிட்ட விலாசம் வெற்று விலாசமாயிற்று. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. இலவசமாகத் தந்ததை நிறுத்த உரிமையுண்டு என்பார்கள், மெய்தான். ஆனால் அந்த இலவசத்தால் கடையை மூடிய உள்ளூர்த் தளம் அமைப்பவர் இப்போது திரும்பி வரமாட்டார்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாகத் தன் ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில், தேடல் தரவுகளுள் சிலவற்றைத் தகுதியுள்ள போட்டியாளரோடு பகிர வேண்டும் என்று ஆணையிட்டார். அதே 2024 ஆகஸ்டில், கேட்ட கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவு தானே தொகுத்த விடையைப் பட்டியலுக்கு மேலே காட்டும் முறை இந்தியாவிலும் வந்துசேர்ந்தது. உரையாடும் கருவிகளும் தேடல் தொழிலில் இறங்கியிருப்பதால், கால் நூற்றாண்டுக்குப் பின் போட்டி மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. ஆனால் விடையை அங்கேயே படித்துவிட்டவர் கடைக்காரரின் பக்கத்தைத் திறக்கவேண்டிய அவசியம் குறைகிறது. எஞ்சியுள்ள தளம் அமைப்போரிடம் முன்பெல்லாம் கடைக்காரர்கள் கேட்ட கேள்வி, முதல் பக்கத்தில் வருவோமா என்பது. இப்போது, அந்த விடைக்குள் நம் கடையின் பெயரைச் சொல்லுமா என்று கேட்கிறார்கள்.